பெருந்தெருவின் பங்காளிகள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெரு அக்குறணையைக் கடந்து மாத்தளை நகருட் புகுகின்றது. பின்னர் அலுவிகாரையின் அருகாற் சென்று, நாலந்தை, நாவுல என்னும் ஊர்களின் வழியே தம்புள்ளைக்கு இறங்குகின்றது. மலைநாட்டையும் வடபுலத்தையும் இணைக்கும் இத்தகைய தெருவிலே பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடித் துவிச்சக்கர வண்டிகளிற் செல்வாராயின், பின்னே வரும் மோட்டார்ச் சாரதி பொறுமையிழந்து ஒலிக்குழலை அலறவிடுதல் இயல்பு. “வரி செலுத்துவோர் நாம், இவர்களுக்குத் தெருவில் என்ன உரிமை?” என்பது உலகின் பல நாடுகளிலும் சாரதிகள் கூறும் குறையாகும். இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி மாத்தளையின் வரலாற்றுக்கு உண்டு.

1848 ஆம் ஆண்டில், டொரிங்டன் பிரபு ஆளுநராய் இருந்த காலத்தில், வீதிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலை செய்தல் வேண்டும். அன்றேல் 3 சிலின் செலுத்துதல் வேண்டும் என்பது அதன் விதி. அந்நாளிற் புதிய தெருக்களாற் பெரும்பயன் எய்தியோர் கோப்பித் தோட்டத் துரைமார். அவர்களுடைய மூட்டைகளே மாட்டுவண்டிகளில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்தை நாடின. வரிச்சுமையோ வண்டியும் மாடும் இல்லாத ஏழைக் குடியானவன் தலையிலும் விழுந்தது. துப்பாக்கி வரியும் நாய் வரியும் உடன்சேரவே, மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூலை 26 ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பெற்றார். கிளர்ச்சியாளர் மாத்தளை நகருட் புகுந்தனர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்டு 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சிக்கு நிலப்பறிப்பு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும், தெருவுக்காக உழைப்பவன் ஒருவன், அதன் பயனை நுகர்பவன் மற்றொருவனா என்னும் கேள்வி அன்றே இம்மண்ணில் எழுந்துவிட்டது. வரியைக் காட்டித் தெருவுக்கு உரிமை பேசுவதாயின், நடந்து சென்றவனே அவ்வுரிமையை முதலிற் பெறுதற்குரியவன்.

இத்தெருவுக்கு இன்னொரு கூட்டத்தாரும் விலை கொடுத்தனர். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னே அணியணியாக, காடும் வறண்ட நிலமும் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடை அது. தனியே சென்றால் வனவிலங்குக்கு அஞ்சவேண்டும். ஆதலாற் கூட்டமே அவர்க்கு அரண். ஆயின் அக்கூட்டமே ஆபத்துமாயிற்று. வாந்திபேதி ஒருவரைப் பற்றின் அருகிலுள்ளோரையும் தொடர்ந்தது. நடக்கவியலாதார் வழியோரத்திலே கைவிடப்பட்டனர். பலருக்கு அவ்வழியோரமே இடுகாடாயிற்று. பின்தங்கியவனைக் காத்திராத கூட்டம் எவருக்கும் அரணாகாது என்பது அந்நெடுவழி கற்பித்த கொடிய பாடம்.

1880 இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. அதே காலத்தில் மேனாட்டிலே துவிச்சக்கர வண்டி புத்துருவம் பெற்றது. இரு சில்லுகளும் ஒப்ப அமைந்த வண்டியை 1885 இல் ஸ்டார்லி ஆக்கினார். 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்துச் சட்டம் துவிச்சக்கர வண்டியும் ஒரு வாகனமே என ஏற்றுக்கொண்டது. அந்நாட்டிலே நல்ல தெருக்கள் வேண்டுமென 1886 இலேயே சங்கம் அமைத்துப் போராடியோர் சைக்கிளோட்டிகள். ஜெர்மனியிற் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதும் அவ்வாண்டிலேதான். எனவே, மோட்டார் வண்டி தெருவேறுமுன் தெருவைச் செப்பனிடக் கேட்டவர் துவிச்சக்கர வண்டியினர்.

கோப்பி நோயால் அழிந்தபின் மாத்தளைக் குன்றுகளிலே தேயிலையும் இறப்பரும் தழைத்தன. முன்பு நடந்து வந்தோரின் வழியினர் இறப்பர் மரத்திற் பால்வெட்டினர். அப்பால் கடல் கடந்து சென்று டயராயிற்று. துவிச்சக்கர வண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே பாலுண்டு வளர்ந்த உடன்பிறப்புகள் எனலாம். உடன்பிறந்தாருள் வலியவன் மெலியவனை நெருக்குவதே இன்றைய துன்பம்.

அத்துன்பத்தின் இயல்பை அறிதல் நன்று. ஒரு வண்டியின் வேகம் இருமடங்காயின், அது மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மோட்டாரிலுள்ளவனைச் சுற்றி இரும்புக்கூடு உண்டு. சைக்கிளோட்டியைச் சுற்றிக் காற்றன்றி வேறில்லை. கூட்டமாகச் செல்வோர்க்கு வேறு இடர்களும் உள. காற்றின் தடையைக் குறைத்தற்பொருட்டு ஒருவர் பின் ஒருவர் நெருங்கிச் செல்வர். முன்னவர் குழி கண்டு சட்டெனத் தடை பிடித்தால் பின்னவர் சில்லு முட்டும். ஒருவர் விழ, அவர்மேல் மற்றவர் விழுவர். மலைவழியின் இறக்கத்திலும் மழை நனைத்த வளைவிலும் இவ்வாபத்து மிகும்.

சாரதியும் ஒருவரைக் கண்டு, அவர் முன்னே பதின்மர் செல்வதைக் காணாது முந்த முயல்கின்றார். எதிரே பாரவூர்தி தோன்றினால், அணியின் நடுவே வண்டியை வெட்டித் திருப்புகின்றார். பதின்மர் ஒற்றை வரிசையிற் செல்லின் அணி நீளும். இருவர் இருவராகச் செல்லின் அணி பாதியாகச் சுருங்கும், ஆயின் அகலும். இதனாலேயே 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, பொதுவாக இருவருக்கு மேல் இணைந்து செல்லலாகாது எனவும், நிலைமை வேண்டும்போது ஒற்றை வரிசையாதல் வேண்டும் எனவும் வகுத்தது. பெரிய அணி சிறு குழுக்களாகப் பிரிந்து, இடையே மோட்டார் ஒதுங்க வெளிவிட்டுச் சென்றால் இரு சாராருக்கும் நலம். முன்னவர் குழியைக் கைகாட்டி அறிவித்தலும், இளைத்தவர்க்காக ஏனையோர் வேகம் தணித்தலும் அணிக்குரிய ஒழுக்கங்கள்.

சாரதியின் கடமையோ இன்னும் எளிது: வழி தெளிவாகத் தெரியும்வரை பின்னே பொறுத்திருத்தல். அதனால் இழப்பது சில நொடிகளே. மாத்தளைத் தெருவின் ஓரங்களிலே பெயரறியப்படாதோர் பலர் மடிந்துள்ளனர். அவர்களைப் பின்விட்டுச் சென்றவர்களுக்கும் அன்று அவசரம் இருந்தது. அவ்வழியோரத்தில் இனியொருவர் விழாதிருத்தற்கு அச்சில நொடிகளைக் கொடுத்தல் பெரும் விலையன்று.