ஒரு வட்டுக் கருப்பட்டி வந்த வழி

தூத்துக்குடிப் பக்கத்து வீட்டுக் காப்பியின் கதையைக் காப்பிக்கொட்டையில் தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும். கொட்டை மலைச் சரக்கு. குடகிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ பழனி மலையின் கீழ்ச்சரிவிலிருந்தோ வருவது. அது இந்தக் கரைக்கு இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே அடுப்பில் கருப்பட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சுக்கைத் தட்டிப் போட்டு, மல்லியும் மிளகும் சேர்த்து, ஒரு துண்டுக் கருப்பட்டியோடு சுண்டவிட்ட தண்ணீர். சளிக்கும் அதுதான், உடம்பு வலிக்கும் அதுதான். காப்பித்தூள் பின்னால் வந்து அந்தப் பானைக்குள் விழுந்தது. ஆகவே இங்கே கதாநாயகன் கொட்டையல்ல, கருப்பட்டி.

பிறந்த ஊர் உடன்குடி என்று வைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. திருச்செந்தூருக்குத் தென்மேற்கே கிடக்கிற குதிரைமொழித் தேரியில் காற்றடித்தால் செம்மணல் மேடு இடம்மாறும். மழை குறைவு, நெல்லுக்கு வழியில்லை. அந்த மண்ணில் யாரும் தண்ணீர் விடாமல் நிற்பது பனை. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று நீளும் இந்த வட்டாரம் பல தலைமுறையாகப் பிழைத்தது அந்த மரத்தை நம்பித்தான்.

மாசி, பங்குனியில் பாளை பருவத்துக்கு வரும். ஆண்மரத்தை அலகுப்பனை என்பார்கள், பெண்மரத்தைப் பருவப்பனை என்பார்கள். பதநீர் இரண்டிலும் இறங்கும். பனையேறிக்குக் காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, பாளையை இடுக்கி நசுக்க ஒரு கடிப்பு. மரத்தை அணைத்து அணைத்து ஏறுவதில் நெஞ்சில் காய்ப்பு விழுந்துவிடும். காலையில் ஏறிக் கலயத்தை இறக்கியவர் சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் குறைந்துவிடும். மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்பில்தான் எல்லாம் இருக்கிறது. அது இல்லையென்றால் வெயில் ஏறுவதற்குள் ஊறியது புளித்துக் கள்ளாகிவிடும். குறைவாகத் தடவினாலும் தொல்லைதான்: சர்க்கரை உடைந்துபோய், காய்ச்சினால் கட்டி சேராமல் பாகாகவே நிற்கும். அதிகமானால் கருப்பட்டியில் காரல் தட்டும். எவ்வளவு தடவுவது என்பதற்கு அளவுகரண்டி ஏதும் கிடையாது, கைக்குத்தான் தெரியும்.

ஏறுவது ஆண் என்றால் காய்ச்சுவது பெண். மரங்களுக்கு நடுவே ஓலை வேய்ந்த குடிசை, அதற்கு விடிலி என்று பெயர். உள்ளே பெரிய தாச்சி, காய்ச்சுகிற பாத்திரம். அடியில் காய்ந்த மட்டையும் உடைமர விறகும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தப் புகைக்குள் மணிக்கணக்கில் நின்று துழாவ வேண்டும். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள், பொங்கியது அடங்கும். எட்டு, பத்து லிட்டர் பதநீர் சுண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். அடிப்பக்கம் உருண்டு மேற்பக்கம் தட்டையாக இருக்கும் வட்டின் வடிவம் தேங்காய்ச் சிரட்டை கொடுத்தது. கருப்பட்டியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பனையேறியைச் சொல்வார்கள். தாச்சிக்கு முன்னால் நின்ற பெண்ணைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இதே சரக்கு கடலுக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணத்தில் வேறு உடுப்பில் இருக்கிறது. அங்கே பனங்கட்டி, பாகை ஊற்றுவது ஓலையில் பின்னிய சின்னக் குட்டானில். வெறுந்தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொள்வார்கள். தேநீருக்குள் கரைப்பதில்லை. நம் கரையிலும் பழைய ஆட்கள் கடுங்காப்பியை இப்படிக் கடித்துக் குடித்ததுண்டு. சொல்லப்போனால் இதுதான் சிக்கனமான முறை. கரைத்தால் ஒரு தம்ளருக்குப் போகிற துண்டு, கடித்தால் இரண்டு தம்ளருக்கு வரும்.

இலங்கையைச் சொன்ன பிறகு கப்பலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கொழும்புக்குப் போகிற நீராவிக் கப்பலுக்கு இதுவே வாசல் ஆனது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே வந்துதான் கடல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தப் போக்குவரத்தை நம்பித்தான். இலங்கை மலைகளில் முதலில் இருந்தது காப்பித்தோட்டம். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டது. இரண்டுக்கும் வேர்வை சிந்தியது தமிழ்நாட்டு ஆட்கள். அவர்கள் பறித்த காப்பியும் தேயிலையும் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊரில் அவர்கள் வீட்டு அடுப்பில் சுக்குத் தண்ணீர்தான் கொதித்திருக்கும்.

காப்பி தமிழ் வீடுகளுக்குள் சாதாரணமாக நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது அதை ஒரு கெட்ட பழக்கமாகவே பலர் திட்டினார்கள். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். பட்டணத்து நடுத்தர வர்க்கம் பித்தளை ஃபில்டர், பசும்பால், வெள்ளைச் சீனி என்று தனக்கொரு காப்பியைச் செய்துகொண்டது. இந்தக் கரையில் சீனி விருந்தாளிக்கு, கருப்பட்டி வீட்டாளுக்கு. வாசலில் ஆள் வந்தால்தான் சீனி டப்பாவைத் திறப்பார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் மரியாதைக் குறைச்சல் என்று நினைத்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று நாற்கர சாலையில் காரை நிறுத்தி, கருப்பட்டிக் காப்பி என்று பலகை மாட்டிய கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த மாற்றத்தின் நடுவே ஒரு ஆலை வருகிறது. குலசை என்று சுருக்கி அழைக்கிற குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சேர்ந்த சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. பனையிலிருந்து வந்த சரக்கை வாங்கி வெள்ளைச் சர்க்கரையாக மாற்றியது. அதற்காகவே இரண்டடி அகலத் தண்டவாளத்தில் திருச்செந்தூர், உடன்குடி, குலசை, திசையன்விளை என்று ஒரு குட்டி ரயிலும் ஓடியது. ஆட்களும் ஏறிப் போனார்கள். 1940இல் ரயில் நின்றது. கரும்பின் விலையோடு பனை மல்லுக்கட்ட முடியாது என்பதை அந்தத் தண்டவாளம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

சரி, வட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் எதிரி கடற்காற்று. தூத்துக்குடி ஈரத்தில் திறந்து வைத்தால் கருப்பட்டி வேர்த்து இளகிவிடும். அதனால் ஓலைப்பெட்டியில் கட்டி, அடுப்புக்கு மேலே புகைபடும் பரணில் ஏற்றுவார்கள். வருடம் கடந்தால் கறுத்து, இறுகி, மணம் கூடும். பிள்ளைபெற்றவளுக்குப் பழைய கருப்பட்டிதான் தேடுவார்கள். எரிவாயு அடுப்பு வந்த பிறகு புகையுமில்லை, பரணுமில்லை. இறுக்கி மூடிய டப்பாவே கதி.

காப்பி போடுவதில் பலர் தோற்பது பாலில். கருப்பட்டியைத் தட்டிப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். கருப்பட்டியிலுள்ள இலேசான புளிப்பும் உப்புகளும் சூட்டோடு சேர்ந்து செய்கிற வேலை அது. தெரிந்த கை இப்படிச் செய்யும்: வட்டை அம்மிக்குழவியால் தட்டி, தண்ணீரில் போட்டுக் கரையவிடும். கொதித்ததும் இறக்கி, ஒரு நிமிடம் தெளியவிட்டு, துணியில் வடிக்கும். அடியில் தங்குகிற வண்டல் சுண்ணாம்பும் மணலும் தும்பும். அதை வடிக்காமல் குடித்தால் கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும். வடித்ததை மறுபடி அடுப்பேற்றி, தூளைப் போட்டு, ஒரே ஒரு பொங்கு. பொங்கியதும் அணைத்து மூடி வைத்துவிட வேண்டும். மேலும் கொதித்தால் கசப்பு முந்திக்கொள்ளும். பாலைத் தனியே காய்ச்சி, சூடு சற்றுத் தணிந்த பின், தீயில்லாத இடத்தில் கலக்க வேண்டும்.

இதற்கு ஃபில்டர் டிகாக்‌ஷன் வேண்டாம் என்பது என் கட்சி. கெட்டி டிகாக்‌ஷனில் கருப்பட்டியின் புகைவாசம் அமுங்கிப்போகும். சிக்கரி அதிகம் கலந்த தூளும் அப்படித்தான். இரண்டு கறுப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். பால் விடாத கடுங்காப்பிதான் கருப்பட்டிக்குச் சரியான இடம். தண்ணீரும் முக்கியம். வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீரில் போட்டதற்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். தேநீருக்கும் கருப்பட்டி போடலாம், குற்றமில்லை; ஆனால் தேயிலையின் துவர்ப்போடு அது அவ்வளவாக ஒத்துப்போவதில்லை, இஞ்சி சேர்த்தால் ஒழிய.

இனி வருவது கசப்பான பகுதி. சீனி கிலோ நாற்பது சொச்சம் ரூபாய். நல்ல கருப்பட்டி அதைப் போலப் பல மடங்கு. ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டார்கள். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனைக்கென்று திட்டம் வந்தது, ஆட்சியர் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டக்கூடாது என்றும் ஆனது. வெட்டாமல் விட்ட மரத்தில் ஏறப் போவது யார் என்பதற்குச் சட்டத்தில் பதிலில்லை. எனவே தாச்சியில் பதநீர் குறையக் குறைய, சீனி மூட்டை இறங்குகிறது. ஒருகாலத்தில் குலசையில் ஆலை வைத்துக் கருப்பட்டியைச் சீனியாக்கினார்கள். இப்போது அதே வட்டாரத்தில் ஆலை எதுவும் இல்லாமலே சீனியைக் கருப்பட்டியாக்குகிறார்கள்.

கடையில் ஒளிவுமறைவுகூட இல்லை.

"அண்ணாச்சி, இது சீனி போடாததுதானே?"

"போட்டது வேணுமா, போடாதது வேணுமா, அதச் சொல்லுங்கக்கா. ரெண்டும் கெடக்கு. வெலயக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உடைத்த இடம் கண்ணாடிபோல மினுங்கினால் சீனி, மங்கலாகச் சாம்பல் பூத்தாற்போல இருந்தால் பனை என்பது ஊர்க்கணக்கு. நான் நம்புகிற கணக்கு இன்னொன்று. ஆடியோடு பாளை ஓய்ந்துவிடும். அதன்பின் பெரும்பாலான விடிலியில் தாச்சி கவிழ்ந்தே கிடக்கும். வாங்குவதென்றால் சித்திரை, வைகாசியில் உடன்குடி, திசையன்விளைப் பக்கம் காய்ச்சுகிற இடத்துக்கே போய் வருடத்துக்கானதை வாங்கிவிட வேண்டும். கார்த்திகை மாசத்தில் சிரட்டைச் சூடு ஆறாத புது வட்டை ஒருவர் நீட்டினால், பதநீர் எந்த மரத்தில் இறங்கியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.