ஒடியற்கூழும் இன்சுலின் எதிர்ப்பும்: குடற் பற்றீரியாவை முன்வைத்து

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பனம்பாத்தி கிண்டி எடுக்கும் கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல்; அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். புங்குடுதீவார் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழும் இக்காலத்தில், ஊர்ச் சாப்பாட்டை விட்டதால்தான் சீனி வருத்தம் வந்தது என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் குடற் பற்றீரியாவை அதற்குச் சாட்சிக்கு அழைப்போர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

சிறுகுடலில் செரிக்காத மாப்பொருளையும் நாரையும் பெருங்குடற் பற்றீரியாக்கள் நொதிக்கச்செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக்குகின்றன. அவற்றுள் பியூற்றிரேற்று குடற்சுவர்க் கலங்களுக்கு எரிபொருள். நார் குறைந்து கொழுப்பு மிகுந்தால் சுவரின் காவல் தளர்கிறது. பற்றீரியாவின் லிப்போபொலிசக்கரைட்டு குருதியில் கசிந்து மெல்லிய அழற்சியை மூட்ட, ஈரலும் தசையும் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. 2007இல் பற்றிஸ் கனி குழுவினர் இதன் பெரும்பகுதியை எலிகளில் காட்டினர். மனிதரில் கதை அவ்வளவு நேரானதன்று. ஆம்ஸ்டர்டாமில் 2012இல் மெலிந்தோரின் குடல் நுண்ணுயிரைப் பெற்றவர்களுக்கு ஆறு வாரங்களில் இன்சுலின் உணர்திறன் உயர்ந்தது. 2017இல் வெளியான அடுத்த ஆய்வில் 18ஆம் வாரத்தில் அந்தப் பயன் இல்லை.

பிரெவொட்டெல்லா என்ற குடற் பற்றீரியாவின் கதை இன்னும் சிக்கலானது. சுவீடனில் 2015இல் வாற்கோதுமைப் பாணால் குளுக்கோசுக் கட்டுப்பாடு மேம்பட்டவர்களிடம் அது மிகுந்திருந்தது. மறு ஆண்டே டென்மார்க் ஆய்வு அதன் கொப்ரி இனத்தை இன்சுலின் எதிர்ப்போடு சேர்த்துக் குற்றஞ்சாட்டியது. நல்லது, கெட்டது என்று பற்றீரியாவைப் பங்கிடுவது மருந்துக்கடைப் பேச்சு. அதனிடம் எந்த உணவு போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு கூழ்ப்பானையைப் பார்க்கவேண்டும். ஒடியல் மாவை ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கசப்பை இறக்கிய பின்னரே கொதிக்கும் உலையில் கரைத்து ஊற்றுகிறோம். பச்சை மாவில் செரிமானத்துக்குப் பிடிகொடுக்காத மாப்பொருள் மணிகள் அந்தச் சூட்டில் வீங்கி இளகிவிடும். சுடச்சுடக் குடிக்கும் கூழில் பற்றீரியாவுக்குத் தீனி பெரும்பாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையுமே. அவித்து ஆறிய புழுக்கொடியலிலோ மாப்பொருள் மீண்டும் இறுகுகிறது. ஆய்வுக்கு முதலில் எடுக்கவேண்டியது அதுவென்பேன். பனம்பழக் களியின் கசப்பான பிளாபெலிஃபெரின் எலிக்குடலில் குளுக்கோசு உறிஞ்சலைக் குறைத்ததாக ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வழிக்குப் பற்றீரியாவே வேண்டியதில்லை.

இலங்கையில் வயதுவந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்ட 2005–2006 ஆய்வு வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவில்லை. ஆகவே எங்கள் ஊரின் நிலை அதில் தெரியாது. புலம்பெயர்ந்தோரை ஆராய ஒரு முன்மாதிரி உண்டு: தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்கா சென்ற மொங், கரேன் மக்களிடம் பிரெவொட்டெல்லா தேய்ந்து பக்டீரொயிடிஸ் பெருகியதை 2018இல் கண்டார்கள். ஊரிலும் புலத்திலும் வாழும் இறுப்பிட்டியாரை அவ்வாறு ஒப்பிடலாம். ஆனால் மெற்போமின் என்னும் நீரிழிவுக் குளிசை எடுப்போரை முதலில் தனியே பிரிக்கவேண்டும். நீரிழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட குடல் மாற்றங்கள் பல அந்தக் குளிசையின் விளைவே என்பது 2015இல் தெரியவந்தது.