மேண்டில் விளக்கும் மணவாளக்குறிச்சி மணலும்

கதிரியக்கம் என்றதும் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களும் ஹிரோஷிமாவின் அழிவுமே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அதன் வரலாற்றில் நம் தென்கோடி மணலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் வளர்ந்த என் வயதினர் பெட்ரோமாக்ஸ் விளக்கை மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் நின்ற இரவுகளில் தோல் மண்டிகளிலும் திருமண ஊர்வலங்களிலும் அதுவே ஒளி தந்தது. எரிவது மண்ணெண்ணெய் ஆவி. வெண்ணொளி வீசுவதோ மேண்டில் என்னும் சிறு வலை. ஆஸ்திரிய அறிஞர் வெல்ஸ்பாக் 1891இல் அதனைச் செம்மைப்படுத்தினார். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்ததே அவர் கண்ட கலவை.

தோரியத்துக்கு எங்கே போவது? 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் கலந்த மோனசைட்டைக் கண்டார். 1911இல் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு அவ்வூரும் சென்னை மாநிலத்தில் இணைந்தது.

தோரியம் கதிரியக்கம் உடையது என்பதை 1898இல் மேரி கியூரியும் ஜெர்மனியின் ஷ்மிட்டும் தனித்தனியே கண்டறிந்தனர். 1900இல் கனடாவில் பணியாற்றிய ரூதர்போர்டு, தோரியத்திலிருந்து ஒரு வாயு வெளிப்படுவதையும், அதன் வீரியம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைவதையும் அளந்தார். அரை ஆயுள் என்னும் கருத்து இங்கேதான் உருப்பெற்றது.

இதனை வகுப்பில் நான் நாணயத்தைக் கொண்டு விளக்குவது வழக்கம். 64 மாணவர்கள் எழுந்து நின்று நாணயத்தைச் சுண்டவேண்டும். பூ விழுந்தவர் அமர்ந்துவிடவேண்டும். முதற் சுற்றில் சுமார் 32 பேர் நிற்பர்; அடுத்து 16, பின்னர் 8. அடுத்து அமர்பவர் யார் என்று எவராலும் கூற இயலாது. எத்தனை பேர் என்பதை மட்டும் ஏறக்குறைய கூறலாம். அணுக்களின் சிதைவும் அவ்வாறே. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பூமியின் வயதோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளே. ஆகவே, பூமி தோன்றியபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அழியாமல் இருக்கிறது. சிதைந்தது, பல தனிமங்களாக மாறி, முடிவில் ஈயமாகிறது.

சிதையும் அணு வீசும் கதிர், வழியிலுள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களைப் பறித்து அவற்றை அயனிகளாக்குகிறது. ஆல்பாக் கதிர் இவ்வேலையை மிகுதியாகச் செய்வதால் விரைவில் ஆற்றலை இழக்கிறது. ஒரு தாளே அதனைத் தடுத்துவிடும். பீட்டாக் கதிருக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம் வேண்டும். காமாக் கதிரைக் குறைக்கத் தடித்த ஈயம் தேவை.

ஆல்பாக் கதிரைத் தோலே தடுத்துவிடுகிறதே, அச்சம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உடைந்த மேண்டிலின் சாம்பலோ மோனசைட்டின் தூசியோ மூச்சுடன் உட்சென்றால், நுரையீரலுக்கு அத்தகைய காப்பு இல்லை. அங்கே உயிரணுவின் மூலக்கூறுகள் சிதையும். செப்பனிடப்படாத சிதைவு புற்றுநோயாகவும் முடியலாம். தோல் பதனிடும் இடங்களில் தூசியின் தீமையை அறிந்த நம் ஊரார்க்கு இதை விளக்குதல் எளிது. பல நாடுகளில் மேண்டிலில் தோரியத்துக்குப் பதிலாக இட்ரியம் புகுந்ததற்கும் இதுவே காரணம்.

ஆயினும், அளவறிந்து செலுத்தும் கதிர் நோயைத் தீர்க்கவும் வல்லது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புற்றுநோயாளிகள் இச்சிகிச்சை பெறுகின்றனர். தோரியத்திலிருந்து ஆக்கப்படும் யுரேனியம்-233ஐக் கொண்டு, 1996இல் கல்பாக்கத்தில் காமினி அணு உலை இயங்கத் தொடங்கிற்று.

எனவே, கதிர் என்ற சொல்லைக் கேட்டு நடுங்குதலும் வேண்டா. அதனை எளிதாக எண்ணுதலும் வேண்டா. எவ்வகைக் கதிர், எவ்வளவு, உடலுக்கு வெளியிலா உள்ளேயா என்னும் மூன்று வினாக்களையும் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுவது கற்றவர்க்கு அழகாகும்.