பூகம்பம் வந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது?

ஜப்பானில் நிறைய வீடுகளில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கும். சட்டென்று தீப்பிடிக்காத துணியில் தைத்த, பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் இருக்கும் முதுகுப் பை. உள்ளே தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், பேட்டரியில் ஓடும் ரேடியோ, கையுறை, விசில், கொஞ்சம் சில்லறைக் காசு, ஒரு டப்பா ரொட்டி. பூமி ஆடி நின்றதும் இதை மாட்டிக்கொண்டு வெளியே போகவேண்டியதுதான். வருஷா வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி பையைத் திறந்து, தேதி முடிந்த பொருட்களை மாற்றி வைப்பார்கள். 1960-லிருந்து அந்த நாள் அங்கே பேரிடர் தடுப்பு தினம்.

அது ஏன் செப்டம்பர் 1? அந்தப் பை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல 1923-க்குப் போகவேண்டும்.

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. பகல் 11 மணி 58 நிமிடம். டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் வீட்டுக்கு வீடு மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். வீடுகளோ மரவீடுகள். பூகம்பம் வீடுகளைச் சாய்த்தது, அடுப்புகள் மீதி வேலையைப் பார்த்தன. ஜப்பானை ஒட்டி ஒரு புயல் வேறு போய்க்கொண்டிருந்ததால் பலமான காற்று. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து சுமார் 1,05,000 பேர். அதில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தீ.

வீடு எரியப்போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கையில் கிடைத்ததை அள்ளுவார்கள். மெத்தை, துணிமணி, பாத்திரம், மர அலமாரி என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள், கைவண்டியில் ஏற்றினார்கள். சுமிடா நதிக்குக் கிழக்கே ஹோன்ஜோ பகுதியில் ராணுவத்தின் பழைய உடைக் கிடங்கு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. இதைவிடப் பாதுகாப்பான இடம் அக்கம்பக்கத்தில் கிடையாது என்று எல்லோருக்கும் தோன்றியது. சுமார் 40,000 பேர் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தார்கள். வந்து உட்கார்ந்த பிறகு நிம்மதியாக இருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

மாலை நாலு மணி வாக்கில் தீ மூன்று பக்கமும் சூழ்ந்தது. பறந்து வந்த தீப்பொறிகள் மூட்டைகளில் விழுந்தன. பிறகு நெருப்பே சூறாவளியாகச் சுழன்று அந்தத் திடலுக்குள் நுழைந்தது. அங்கே மட்டும் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். வெறும் மண் தரை எரியாது. மெத்தையும் மர அலமாரியும் எரியும். காப்பாற்ற வேண்டும் என்று இழுத்து வந்த பொருட்களே அவர்களைச் சுற்றி அடுக்கிய விறகாகிவிட்டன.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அதே சுமிடா நதியின் மேல், ஷின் ஓஹாஷி என்று ஒரு இரும்புப் பாலம். 1912-ல் கட்டியது. அன்று மற்ற பாலங்கள் பல எரிந்தன. பாலம் இரும்பாக இருந்தாலும் மேலே மரப் பலகை, பலகை மேல் மூட்டையோடு ஜனக்கூட்டம். தீ அந்த மூட்டைகள் வழியாகவே நடந்து போயிருக்கிறது. ஷின் ஓஹாஷியில் நின்ற போலீஸ்காரர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். யாராக இருந்தாலும் சுமையைக் கீழே போட்டால்தான் பாலத்தில் இடம் என்றார்கள். மறுத்தவர்களிடமிருந்து பிடுங்கி ஆற்றில் வீசினார்கள். ஆயுசுக்கும் சம்பாதித்ததை ஒரு போலீஸ்காரர் ஆற்றில் எறிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. எத்தனை பேர் திட்டியிருப்பார்களோ! ஆனால் பாலம் எரியவில்லை, அதன் மேல் நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் பிற்பாடு அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை இனுயாமா ஊரில் உள்ள மெய்ஜி முரா அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இதில் வேதனை என்னவென்றால், இந்தப் பாடத்தை அந்த ஊர் ஏற்கனவே ஒருமுறை படித்திருந்தது! டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1657-ல் அங்கே ஒரு பெருந்தீ. ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து வசதியான வீடுகளில் சக்கரம் வைத்த பெரிய மரப்பெட்டி இருக்கும். தீ என்றால் பெட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு ஓடலாம் என்பது யோசனை. எல்லோரும் ஒரே நேரத்தில் உருட்டியதில் தெருக்கள் அடைத்துக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் நகர முடியாமல் மாட்டினார்கள். கடைசியில் 1683-ல் சக்கரப் பெட்டி செய்வதற்கே தடை போட்டார்கள். இருநூற்று நாற்பது வருஷம் கழித்து பெட்டிக்குப் பதில் கைவண்டி வந்தது, அவ்வளவுதான்.

எடோ வியாபாரிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அடிக்கடி தீப்பிடிக்கும் ஊர் என்பதால் கடைக்கு அடியில் நிலவறை தோண்டி வைத்திருந்தார்கள். தீ வந்தால் சரக்கை அதில் தள்ளி மூடிவிட்டு ஓடுவார்கள். கணக்குப் பேரேட்டைக் கிணற்றில் போடுவார்கள். அந்தப் பேரேட்டின் காகிதம் தண்ணீரில் கரையாது, மையும் அழியாது. தீ அணைந்தபின் எடுத்துக் காயவைத்தால் யார் எவ்வளவு பாக்கி என்பது அப்படியே இருக்கும். சரக்கு போனால் திரும்ப வாங்கலாம், பேரேடு போனால் வியாபாரமே போச்சு! வணிகவியல் படிப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

சரி, 1923-க்கே திரும்புவோம். தீ அடங்கியதும் அடுத்த பிரச்சினை சாப்பாடும் தண்ணீரும். மாவைப் பிசைந்து உருட்டிக் குழம்பில் போட்டு வேகவைக்கும் சுய்டோன் என்ற உணவு பலரின் வயிற்றை நிரப்பியது. செப்டம்பர் 2-ம் தேதியே உணவு, மருந்து, வண்டி முதலியவற்றை அரசாங்கம் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அவசர ஆணை வந்தது. 7-ம் தேதி கொள்ளை லாபத்துக்குத் தண்டனை, கூடவே கடன்களைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம். (அப்போது தேங்கிய மாற்றுச்சீட்டுகள் வராக்கடனாக மாறி, 1927-ல் ஜப்பானிய வங்கிகளைச் சாய்த்தது தனிக்கதை.)

தண்ணீர் விஷயத்தில் நடந்தது இன்னும் கொடுமை. கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. ஆதாரம் ஏதும் கிடையாது. பயத்திலும் தாகத்திலும் இருந்த ஊர் அதை நம்பியது. தெருத்தெருவாகக் காவல் குழுக்கள் கம்போடும் வாளோடும் நின்று, வந்தவர்களைப் பேசச் சொல்லி, உச்சரிப்பை வைத்துக் கொன்றார்கள். கொரியர்களோடு சீனர்களும், தவறாக நினைக்கப்பட்ட ஜப்பானியர்களும் பலியானார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை சர்ச்சை. குடிக்கத் தண்ணீரும் கேட்க நம்பகமான செய்தியும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் வேண்டியதில்லை. அந்தப் பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ இருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கிணறுகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

அடுத்த பாடம் கோபே நகரத்தில். 1995 ஜனவரி 17, அதிகாலை 5 மணி 46 நிமிடம். குளிர்காலம், இருட்டு, எல்லோரும் தூக்கத்தில். இறந்தவர்கள் 6,434 பேர். இங்கே பெரும்பாலானோரைக் கொன்றது தீ அல்ல, அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த வீடும் அந்த அறையில் நின்ற அலமாரியும்தான். வாசலில் பை தயாராக இருந்து என்ன பயன்? வாசல்வரை போனால்தானே! பிழைத்தவர்களிலும் பலர் இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துப் பாதம் கிழிந்து நின்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொண்டு தூங்குங்கள், அலமாரியைச் சுவரோடு சேர்த்து அடியுங்கள் என்று அதன்பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள்.

இடிபாட்டில் மாட்டியவர்கள் சுமார் 35,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. அதில் 27,000 பேரைப் போல வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும். தீயணைப்பு, போலீஸ், ராணுவம் மூன்றும் சேர்ந்து மீட்டது சுமார் 8,000 பேர். சாதாரண ஜனங்களிடம் என்ன கருவி இருந்தது? காருக்குள் இருந்த ஜாக்கி, யார் வீட்டிலோ கிடைத்த ரம்பம், ஒரு கடப்பாரை. கடப்பாரை இல்லாத தெருவில் வெறும் கையால் ஓட்டை விலக்கினார்கள். பூகம்பத்துக்கு வேண்டிய கருவி என்றதும் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும் (கேஸ் கசியும் ஊரில் மெழுகுவர்த்தி என்பது ஆபத்து வேறு). கோபேக்குப் பிறகுதான் கடப்பாரையும் ஜாக்கியும் பேட்டைக்குப் பேட்டை பொதுப் பெட்டிகளில் இடம்பிடித்தன.

அவாஜி தீவில் ஹொகுடான் என்று ஒரு சின்ன ஊர். பூமி பிளந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே சுமார் 300 பேர் இடிபாட்டில் சிக்கினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கடைசி ஆள்வரை தேடி முடித்துவிட்டார்கள். காரணம், எந்த வீட்டுக் கிழவி எந்த அறையில் எந்தப் பக்கம் தலைவைத்துத் தூங்குவாள் என்பது ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தெரியும். நேராக அந்த இடத்தில் தோண்டினார்கள். இதை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது.

கோபே பூகம்பத்தில் சுமார் 13 லட்சம் வீடுகள் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மின்சாரம் ஒரு வாரத்துக்குள் திரும்பியது, கேஸும் தண்ணீரும் முழுதாக வர ஏப்ரல் ஆகிவிட்டது. கோப் கோபே என்ற கூட்டுறவு அமைப்பு 1980-லேயே நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது: பேரிடர் வந்தால் அத்தியாவசியப் பொருட்களை நகரத்துக்குத் தரவேண்டும் என்று. அதன் தலைமை அலுவலகமே இடிந்து விழுந்துவிட்டது. ஆனாலும் கடை வாசலில் சாமான்களை வைத்து விற்றார்கள். யகுசா கும்பல் ஒன்று கூட தன் வாசலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது உலகப் பத்திரிகைகளில் வந்தது. கையடக்க கேஸ் அடுப்பு இருந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஒரு கம்பெனி சிலிண்டர் இன்னொரு கம்பெனி அடுப்பில் பொருந்தாது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் இருக்கும், உங்களுக்கு உதவாது! 1998-ல் அளவை ஒன்றாக்கினார்கள்.

டப்பா ரொட்டிக்கும் கோபேதான் காரணம். அதுவரை பையில் இருந்தது கான்பான் என்ற கட்டை பிஸ்கட், ராணுவ உணவு. எச்சில் ஊறட்டும் என்று டப்பாவில் சின்னச் சின்னச் சர்க்கரை மிட்டாய் சேர்த்திருப்பார்கள். பல் போன தாத்தா பாட்டிக்கு அதைக் கடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? டோச்சிகி மாகாணத்தில் பான் அகிமோட்டோ என்ற ரொட்டிக் கடை, கோபேக்கு லாரியில் ரொட்டி அனுப்பியது. அதில் நிறைய, சாப்பிடுவதற்குள் கெட்டுப்போனது. கான்பான் மாதிரி நாள்படத் தாங்கி, ரொட்டி மாதிரி மிருதுவாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வந்தது. பல சோதனைக்குப் பிறகு டப்பாவுக்குள்ளேயே மாவை வைத்துச் சுட்டு மூடும் முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அனுப்புகிறவர்களின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. 1993 ஜூலையில் ஒகுஷிரி என்ற குட்டித் தீவைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. ஐயாயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவுக்கு நாடு முழுவதிலிருந்தும் சுமார் 5,000 டன் பொருள் வந்து குவிந்தது. ஆளுக்கு ஒரு டன்! வைக்க இடமில்லாமல் காசு செலவழித்துக் கொட்டகை போட்டார்கள். பழைய துணி உட்பட ஆயிரம் டன்னுக்கு மேல் கடைசியில் எரிக்கவேண்டி வந்தது. அதற்கும் செலவு.

இப்போது ஜப்பான் அரசு சொல்லும் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்றால் 84 லிட்டர், அதாவது 84 கிலோ. எந்த முதுகு இதைத் தாங்கும்? அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஓடும்போது எடுக்கும் பை தனி, வீட்டில் தங்கமுடிந்தால் செலவழிக்கும் இருப்பு தனி. இருப்பைப் பரணில் போட்டு மறக்காமல், வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் அதிகமாக வாங்கி, பழையதைத் தின்று புதியதைச் சேர்க்கும் முறை 2011 சுனாமிக்குப் பிறகு பரவலானது. முதலில் வந்தது முதலில் வெளியே. கிடங்கு நிர்வாகத்தின் அரிச்சுவடி, சமையலறைக்கு வந்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நாட்டில்தான் 2024 ஜனவரி 1-ம் தேதி மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு நோட்டோ தீபகற்பம் ஆடியது. பூகம்பத்தின் அளவு 7.6. வயதானவர்கள் அதிகம் வசிக்கும் பகுதி. மலைச்சரிவால் சாலைகள் துண்டாகி, பல ஊர்கள் தனித்தீவாகிவிட்டன. வாஜிமா, சுசு பக்கமெல்லாம் குழாயில் தண்ணீர் வர மாதக்கணக்கில் ஆனது. அன்று புத்தாண்டு. டோக்கியோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு மூன்று நாள் என்று எடுத்து வைத்திருந்த தண்ணீர், ஏழெட்டுப் பேருக்கு முதல் நாளே தீர்ந்தது. ஆனால் பண்டிகைக்குச் சமைத்த பலகாரமும் அரிசிக் கொழுக்கட்டையும் வீட்டுக்கு வீடு இருந்தன. அவற்றை ஒரு இடத்தில் சேர்த்துப் பங்கிட்டார்கள். காய்கறி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தில் படுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு, யார் வீட்டில் இன்னும் பழைய கிணறு மூடப்படாமல் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாளியோடு அங்கே போனார்கள்.