மலை ஏறி இறங்கும் கப்பல்

வகுப்பில் ஒரு நாள் கடல் மட்டம் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கடல் மட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதானே? பிறகு பனாமாக் கால்வாயில் கப்பலை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறார்களாமே, அது ஏன்? சூயசில் அப்படி ஒன்றும் இல்லையே!" என்று கேட்டான். நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று ஓரிரு சொற்களில் விடை கூறி முடித்துவிட்டேன். அது போதாது என்ற எண்ணம் பிறகும் என்னை விடவில்லை. ஆகவே, வாசகர்களே, அந்த விடையை இன்று விரிவாகக் காண்போம்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுடன் நீங்கள் குடும்பமாகப் பனாமாக் கால்வாய் வழியே கப்பலில் போகத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பயணம் தாளின் மேல்தான். சிறு குழந்தைக்கு அது ஒரு வேடிக்கை. வளர்ந்த பிள்ளைக்கோ வேடிக்கைக்குப் பின்னால் உள்ள காரணமும் விளங்கும். அதனால்தான் வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்கிறேன்.

புறப்படுமுன்

முதலில் காலம். பனாமாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் மழை கொட்டும். எனவே கோடை விடுமுறையின் தொடக்கத்திலேயே போவது நல்லது. இரண்டாவது, கப்பல். சில உல்லாசக் கப்பல்கள் கரீபியன் கடலிலிருந்து நுழைந்து, நடுவிலுள்ள ஏரி வரை சென்று, வந்த வழியே திரும்பிவிடும். நாம் அதில் ஏறக்கூடாது. ஒரு கடலில் நுழைந்து மறு கடலில் வெளிவரும் கப்பலே நமக்கு வேண்டும். சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயைக் கடக்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும்.

மூன்றாவது, தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் பனாமாவும் இருப்பதால், அங்கிருந்து இந்தியா வருவோர் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இதை வெறும் அலுவலக நடைமுறை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சான்றிதழின் பின்னால் இருக்கும் கதைதான் கால்வாயின் கதையில் பாதி.

நான்காவது, ஒரு தேசப்படம். அதை விரித்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல் எந்தத் திசையில் போகும்? "மேற்கே" என்பார்கள். படத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பனாமா நிலஇடுக்கு அவ்விடத்தில் வளைந்து கிடப்பதால், கப்பல் வடமேற்கில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேறுகிறது! பசிபிக் பக்க வாயில், அட்லாண்டிக் பக்க வாயிலைவிடக் கிழக்கே இருக்கிறது.

சூயஸ் கற்பித்த தவறான பாடம்

1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதை முன்னின்று வெட்டுவித்தவர் பெர்டினான்ட் டி லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பொறியாளர் அல்லர், தூதுவராக இருந்தவர். சூயஸ் தட்டையான மணல் நிலம். கடலிலிருந்து கடலுக்கு நேராக வெட்டினால் போதும். தண்ணீர் தானே நிரம்பிக்கொள்ளும். "சூயசில் முடிந்தது பனாமாவில் முடியாதா?" என்று அவர் நினைத்தார்.

ஆனால் பனாமாவில் மணல் இல்லை, மலை இருந்தது. கால்வாய் வழியில் குலேப்ரா என்னும் இடத்தில் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 100 மீட்டர் உயரமான முகடு குறுக்கே நின்றது. சாக்ரெஸ் என்ற காட்டாறும் உண்டு. பெருமழையில் அது சில மணி நேரத்திலேயே பல மீட்டர் உயர்ந்துவிடும். கடல் மட்டத்திலேயே கால்வாய் வெட்டினால் அந்த வெள்ளம் முழுவதும் கால்வாய்க்குள்தானே விழும்?

1879ஆம் ஆண்டு பாரிசில் கூடிய மாநாட்டில் கோதேன் டி லெபினே என்ற பொறியாளர் எழுந்து ஒரு வழி சொன்னார். மலையைக் கடல் மட்டம் வரை வெட்ட வேண்டாம். ஆற்றை அணைகட்டித் தடுத்து, உயரத்திலேயே ஓர் ஏரியை உண்டாக்குங்கள். கப்பலைப் படிப்படியாக அந்த ஏரிக்கு ஏற்றி, மறுபக்கம் இறக்கிவிடுங்கள். எதிரியாக இருந்த ஆறே அப்போது வேலைக்காரனாகிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். மாநாடு லெசெப்சின் பக்கம் நின்றது. லெபினேயின் திட்டம் ஒதுக்கப்பட்டது.

1881இல் வேலை தொடங்கியது. வெட்ட வெட்டக் கரைகள் சரிந்தன. பள்ளத்தை ஆழப்படுத்தினால் இரு பக்கச் சரிவுகளையும் இன்னும் அகலமாக்க வேண்டும். ஆகவே வெட்ட வேண்டிய மண் ஆழத்தைவிட வேகமாகப் பெருகியது. 1887இல்தான் லெசெப்ஸ் நீர்ப்பூட்டுகளுக்கு இசைந்தார். அவற்றைச் செய்ய ஈபெல் கோபுரம் கட்டிய ஈபெலையே அமர்த்தினார். காலம் கடந்துவிட்டிருந்தது. 1889இல் கம்பெனி திவாலாயிற்று. சேமிப்பைப் போட்டிருந்த பல லட்சம் சாதாரண பிரெஞ்சு மக்கள் பணத்தை இழந்தார்கள்.

கிண்ணத்தில் இருந்த எமன்

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மஞ்சள் காய்ச்சல், மலேரியா முதலியவற்றால் இறந்தோர் சுமார் 22,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

நம் வீடுகளில் எறும்பு ஏறாமலிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் தம் மருத்துவமனைகளில் அதையேதான் செய்தார்கள். நோயாளிகளின் கட்டில் கால்களும், தோட்டத்துச் செடிகளும் நீர்க் கிண்ணங்களால் காக்கப்பட்டன. எறும்பு வரவில்லை, ஆனால் அந்தத் தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டது. சன்னல்களில் வலை இல்லை. வேறு நோய்க்காக வந்து படுத்தவனும் மஞ்சள் காய்ச்சலால் மடிந்தான். நல்லெண்ணத்தோடு கட்டிய மருத்துவமனையே நோயைப் பரப்பியது.

இதில் வருந்தத்தக்க செய்தி என்னவெனில், வேலை தொடங்கிய அதே 1881ஆம் ஆண்டில்தான் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே, மஞ்சள் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்று அறிவித்தார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1897இல் நம் நாட்டில், செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு கியூபாவில் பின்லேயின் கூற்றை மெய்ப்பித்தது.

1904இல் அமெரிக்கர் வேலையை ஏற்றபோது மருத்துவர் வில்லியம் கார்கஸ் இந்த அறிவோடு வந்தார். மேலதிகாரிகள் சிலர் முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற தலைமைப் பொறியாளர் 1905இல் வந்ததும் அவருக்கு முழு ஆதரவு தந்தார். வீடுவீடாகப் புகையிட்டார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள், சன்னல்களுக்கு வலை அடித்தார்கள், மக்கள் பானையில் நீர் சேமிக்க வேண்டியிராதபடி குழாய் நீர் கொடுத்தார்கள். 1906க்குள் அங்கே மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. மலேரியா குறைந்ததே தவிர முற்றும் ஒழியவில்லை.

நம் தடுப்பூசிச் சான்றிதழுக்கு இப்போது வருவோம். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரிலும் உண்டு. டெங்குவைத் தருவது அதுதான். ஆனால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இதுவரை பரவியதில்லை. கால்வாய் திறந்தால் அந்நோய் கப்பலேறி ஆசியாவுக்கு வந்துவிடுமோ என்று அன்றே அஞ்சினார்கள். அந்த அச்சத்தின் தொடர்ச்சியே இன்றைய சான்றிதழ்.

ஏரிக்கு ஏறும் படிகள்

ஸ்டீவன்ஸ் நீர்ப்பூட்டுத் திட்டத்தையே வற்புறுத்தினார். 1906இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்றது. 27 ஆண்டுகளுக்கு முன் லெபினே சொன்னதே இறுதியில் நடந்தது! சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே காத்தூன் அணை எழுந்தது. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 26 மீட்டர் உயரத்தில் காத்தூன் ஏரி பரந்தது. மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்: கப்பலை ஏற்றுவது இரு கடல்களின் மட்டமும் வேறு என்பதனால் அன்று, நடுவில் மலை இருப்பதனால்.

இப்போது நம் கப்பல் காத்தூன் நீர்ப்பூட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை விடியற்காலையிலேயே எழுப்பி மேல்தளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 305 மீட்டர் நீளமும் 33.5 மீட்டர் அகலமும் உள்ள கான்கிரீட் தொட்டியில் கப்பல் நுழைகிறது. பின்னால் இரும்புக் கதவுகள் மூடுகின்றன. ஒவ்வொரு கதவும் 2 மீட்டருக்கு மேல் தடிப்பு. ஆனால் உள்ளே கூடு என்பதால் நீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. பின்பு ஏரி நீர் அடிக்கால்வாய்கள் வழியே தொட்டிக்குள் பாய்கிறது. பம்பு ஏதும் இல்லை. புவியீர்ப்பே வேலை செய்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கப்பல் சுமார் 9 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. இப்படி மூன்று படி ஏறி ஏரியை அடைகிறது. மறுகோடியில் பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராபுளோரெசில் இரு படி இறங்குகிறது. பசிபிக் பக்கம் கடல் ஏற்றவற்றம் 5 மீட்டருக்கும் மேல் போகும். கரீபியன் பக்கம் அரை மீட்டரைக்கூட எட்டுவது அரிது. ஆகவே கதவுகளிலேயே மிக உயரமானவை மிராபுளோரெசில் உள்ளன.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு புதிர் போடுங்கள். சிறு படகு கடக்க அதிக நீர் செலவாகுமா, பெருங்கப்பல் கடக்கவா? இரண்டுக்கும் ஒரே அளவுதான்! தொட்டியின் பரப்பை நீர் உயரும் அளவால் பெருக்கினால் வருவதே ஒவ்வொரு முறையும் செலவாகும் நீர். மேலேறிய கப்பல் ஏரிக்குள் போகும்போது, அது விலக்கும் அளவு நீர் ஏரியிலிருந்து தொட்டிக்கு வருகிறது. மறுகோடியில் தொட்டிக்குள் நுழையும்போது அதே அளவு நீரை ஏரிக்கே தள்ளிவிடுகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்துக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடைக்குமா?

யார் தோண்டினார்கள்?

ஏரியைக் கடந்தபின் வருவது குலேப்ரா வெட்டு. சுமார் 13 கிலோமீட்டர். இங்கே சற்று அமைதியாக நிற்க வேண்டும். அமெரிக்கர் காலத்தில் இறந்தவர்கள், அரசுக் கணக்குப்படி 5,609 பேர். இவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ், ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கருப்பினத் தொழிலாளர்கள். பார்படோஸ் என்ற சிறு தீவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். அமெரிக்க வெள்ளையருக்குத் தங்கப் பட்டியல், இவர்களுக்கு வெள்ளிப் பட்டியல் என்று சம்பளம் முதல் குடியிருப்பு வரை பிரிவினை இருந்தது. கொசு வலை அடித்த நல்ல வீடுகள் முதலில் யாருக்குக் கிடைத்தன என்று சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் வந்தால் மட்டும் போதாது. அது எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவும் வேண்டும்.

1914 ஆகஸ்ட் 15ஆம் நாள் 'ஆங்கோன்' என்ற கப்பல் கால்வாயைக் கடந்து திறப்பு விழாவை முடித்தது. முதல் உலகப் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்ததால், உலகம் இதைக் கவனிக்கக்கூட இல்லை. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 12,600 கிலோமீட்டர் குறைந்தது.

கால்வாய் யாருடையது என்ற கேள்வி நெடுநாள் நின்றது. 1903 நவம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பலின் நிழலில் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. அதே மாதம் கால்வாய்ப் பகுதியை அமெரிக்காவுக்கு அளித்த ஒப்பந்தத்தில் பனாமாவின் சார்பாகக் கையெழுத்திட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர்! அந்த வடு ஆறவில்லை. 1964 ஜனவரியில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. 1977இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, 1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் பனாமாவின் கைக்கு வந்தது. 2016இல் பனாமா அரசு பெரிய கப்பல்களுக்காக 55 மீட்டர் அகலமுள்ள புதிய நீர்ப்பூட்டுகளைத் திறந்தது.

இன்றைய கேள்வி

ஒரு கப்பல் பழைய வழியில் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடுகிறது. அத்தனையும் மழை தந்த நீர். அதே ஏரியிலிருந்துதான் பனாமா நகர மக்களுக்குக் குடிநீரும் போகிறது. புதிய நீர்ப்பூட்டுகள் பக்கத்துத் தொட்டிகளில் நீரைத் தேக்கி, அதில் 60 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்துகின்றன. இருந்தும் 2023இல் மழை பொய்த்தபோது, நாள்தோறும் 36 அளவில் இருந்த கப்பல்களின் எண்ணிக்கையை அவ்வாண்டு முடிவில் 22 அளவுக்குக் குறைக்க நேர்ந்தது. உலக வணிகத்தின் வாயில் ஓர் ஏரியின் மழையை நம்பி நிற்கிறது. ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

மாலையில் கப்பல் பசிபிக்கில் இறங்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஏரி என்ற விடை 1879இலேயே இருந்தது. கொசு என்ற விடை 1881இலேயே இருந்தது. இரண்டையும் சொல்ல ஆள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. அதற்குள் ஆயிரமாயிரம் பேர் மண்ணுக்குள் போனார்கள். இன்று நீரைப் பற்றி விடை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்கிறோமா?

அந்தக் கடைசி வரிசை மாணவன் கேள்வி கேட்டான். அதனால்தான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கேட்க விடுங்கள். விடை சொல்லுமுன் மணி அடித்துவிட்டால், மறுநாளாவது சொல்லிவிடுங்கள்.