மாதக் கடைசி: 'போதுமா?' என்னும் கேள்விக்குக் கொல்கத்தாவின் வரலாற்றில் ஒரு தேடல்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.)

கொல்கத்தாவில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். தென் தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. "அக்கா, இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் வரும் என்கிறார்கள். கொல்கத்தாவில் அது போதுமா?" என்று கேட்டார். வாடகை, உணவு, மெட்ரோ, புத்தகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "தாராளமாகப் போதும்" என்று முடித்தேன். சற்று நேர மௌனத்துக்குப் பின், "வீட்டுக்குப் பாதி அனுப்ப வேண்டும் அக்கா" என்றார். என் கணக்கில் அந்தப் பாதிக்கு இடமே இருக்கவில்லை.

அழைப்பு முடிந்த பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாத வருமானம் வாழ்க்கைக்குப் போதுமா என்பதை எதைக்கொண்டு அளக்கிறோம்? அளவுகோலை வகுத்தவர்கள் யார்? தேடிப் பார்க்கையில், இந்தியாவில் இன்றும் புழங்கும் அளவுகோல்களில் முதன்மையான சில, கொல்கத்தாவிலும் நம் நீலகிரி மலையிலும் உருவானவை என்பது தெரியவந்தது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், மொழியியல் பயின்ற பழக்கம் விடுவதில்லை. வங்காளியில் சம்பளத்துக்கு 'மைனே' என்பது பேச்சு வழக்கு. மாதத்தைக் குறிக்கும் 'மாஹ்' என்னும் பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. மாதம் என்பது சம்பளத்தின் பெயருக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் மளிகைச் சாமானுக்கு 'மாஸ்காபாரி' என்று பெயர். 'மாஸ்காபார்' என்றால் மாத முடிவு. அதிலுள்ள 'காபார்', முடித்தல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் 'மாதக் கடைசி' என்றால் அது நாள்காட்டியை மட்டும் குறிப்பதில்லை. கையில் காசில்லை என்பதும் அதன் பொருள். இரண்டு மொழிகளுமே மாதத்தின் முடிவைப் பணத்தின் முடிவோடு சேர்த்தே நினைக்கின்றன.

இனி வரலாறு. வருமானத்தின் எண் மாறாதிருக்க, அதன் பொருள் மட்டும் மாறிவிடக்கூடும் என்பதை இந்த நகரம் 1943-இல் கொடுமையான முறையில் கண்டது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி 13 முதல் 14 ரூபாய். 1943 மார்ச்சில் அது 21 ரூபாயாயிற்று. மே மாதத்தில் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37-ஐத் தொட்டது. டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி வாங்கிய கூலி, ஆகஸ்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே அதிகமாக மட்டும் வாங்கியது. போல்பூர் வட்டாரத்து விலைகளைக் கொண்டு அமர்த்தியா சென் இதை வேறொரு கோணத்தில் கணக்கிட்டார். முடிதிருத்துபவரின் கூலி, மீனவரின் மீன், குடை முடைபவரின் குடை ஆகியவற்றை அரிசியோடு ஒப்பிட்டு, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு அரிசியாக மாறும் என்று பார்த்தார். 1941-இல் கிடைத்த உணவைவிட 1943-இல் கிடைத்தது குறைவில்லை என்பதும், உணவை வாங்கும் உரிமையே பலரிடமிருந்து நழுவியது என்பதும், 1981-இல் வெளிவந்த நூலில் அவர் வைத்த வாதம். அதை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. ஆயினும் வருமானத்தை ரூபாயில் எண்ணாமல் அது வாங்கும் பொருளில் எண்ண வேண்டும் என்ற பாடத்தை எவரும் மறுப்பதில்லை.

அந்தப் பஞ்சத்தில் எல்லோருடைய கூலியும் ஒரே மாதிரி கரையவில்லை. நகரத்தின் ஆலைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிந்தோர்க்கு, வங்க வணிகச் சபை 1942-இலேயே தொடங்கியிருந்த திட்டத்தின் வழியாகச் சலுகை விலையில் உணவுப்பொருள் கிடைத்தது. கிராமத்துக் கூலிகள் கல்கத்தாவின் நடைபாதைகளுக்கு வந்து இறந்தார்கள். நகரத்தில் முறையான பங்கீடு தொடங்கியது 1944 ஜனவரி இறுதியில்தான். மாதச் சம்பளம் என்ற ஏற்பாட்டுக்குள் இருந்தவர்க்கும் வெளியே இருந்தவர்க்கும் இடையிலிருந்த தொலைவு, உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தொலைவாயிற்று.

பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தின் உறுப்பினர்களுள் ஒருவர் வாலஸ் ஐக்ராய்ட். 1935 முதல் பத்தாண்டுகள் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்புகளை அட்டவணையாக்கி 1937-இல் அவர் வெளியிட்ட கையேடு, குன்னூரில் நடந்த ஆய்வுகளின் விளைவு. பஞ்சத்தில் இறந்தோர் ஏறத்தாழ 15 லட்சம் என்று அந்த ஆணையம் மதிப்பிட்டது. அது குறைவான மதிப்பீடு என்பதைப் பின்னாளில் ஐக்ராய்டே ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 30 லட்சம் என்பது சென்னின் கணக்கு.

ஐக்ராய்டின் பெயர் மறுபடியும் எழுந்த இடம் 1957-இல் டெல்லியில் கூடிய 15-ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு. குறைந்தபட்சக் கூலியைத் தேவையின் அடிப்படையில் கணக்கிட அங்கே ஒரு சூத்திரம் ஏற்கப்பட்டது. உழைக்கும் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள். ஐக்ராய்ட் பரிந்துரைத்தவாறு அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு 20 விழுக்காடு. குன்னூரில் எடைபோட்ட அரிசியும் பருப்பும் இந்தியத் தொழிலாளியின் கூலிக்கணக்கில் நுழைந்தது இவ்வாறுதான்.

இந்தச் சூத்திரத்தின் மூன்று அலகுகள் எவை? ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, இரு குழந்தைகளுக்குத் தலா 0.6. கூட்டினால் மூன்று. முதிய தாய்க்கும் தந்தைக்கும் அதில் இடமில்லை. மனைவியின் வருமானத்தைக் கணக்கில் கொள்ளலாகாது என்றும் சூத்திரம் சொல்கிறது. கூலியைக் குறைப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது என்ற நல்நோக்கம் அதில் உண்டு. வீட்டுக்குள் அவள் செய்யும் வேலையின் மதிப்பும் அதே வரியில் மறைந்துபோனது.

சூத்திரத்தின் குறையொன்றைத் திருத்திய வழக்கு நம் சென்னையிலிருந்து சென்றது. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காகத் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆறாவது கூறு ஒன்றைச் சேர்த்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட குறைந்தபட்ச மகிழ்ச்சி, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 விழுக்காடு. மனிதன் உண்டு உடுத்து உறங்குவதோடு நின்றுவிடுவதில்லை என்பது கூலிக்கணக்கில் ஏற 34 ஆண்டுகள் ஆயின.

இனி மாதத்துக்கு வருவோம். கொல்கத்தாவின் வடக்கே பராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் பிரசிடென்சி கல்லூரியில் தொடங்கியது அது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, அதன் முறைகளை வகுத்ததில் இந்நிறுவனத்தின் பங்கு பெரிது. நாட்டின் வறுமையை அளக்கும் கேள்வி எளிமையானது: 'உங்கள் வீட்டில் எவ்வளவு செலவானது?' எத்தனை நாளுக்கு என்று கேட்பது? ஒரு வாரத்துக்கா, ஒரு மாதத்துக்கா? மகலனோபிஸும் உடன் பணியாற்றியோரும் 1950-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கிராமங்களில் இதைச் சோதித்தனர். ஒரு வாரத்து நினைவிலிருந்து சொன்ன உணவுச் செலவு உயர்ந்து நின்றது. மாத நினைவிலிருந்து சொன்னது, நேரில் எடைபோட்டுக் கண்ட அளவை ஒட்டியிருந்தது. முப்பது நாள் கேள்வி நிலைபெற்றது.

கேட்கும் காலத்தை மாற்றினால் ஏழைகளின் எண்ணிக்கையே மாறும் என்பது பின்னர் வெட்டவெளிச்சமானது. 1999-2000 கணக்கெடுப்பில் உணவுக்கு ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் ஒரே படிவத்தில் கேட்டார்கள். 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாக இறங்கியதாகக் காட்டப்பட்டது. அந்த இறக்கத்தில் வாழ்க்கையின் பங்கு எவ்வளவு, கேள்வியின் பங்கு எவ்வளவு என்று ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர்.

அளவுகோல் செய்வோர் ஒருபுறமிருக்க, மாதக் கணக்கைத் தெருவில் வைத்துப் பேசிய வரலாறும் இந்நகருக்கு உண்டு. 1953 ஜூலையில் டிராம் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. அன்றைய ஒரு பைசா என்பது நம் காலணா; ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. நகரமே கொந்தளித்தது. டிராம்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், அம்மாத இறுதிக்குள் உயர்வு கைவிடப்பட்டது. காலணாவுக்கா இத்தனை என்று இன்று நமக்குத் தோன்றும். மாதம் 26 வேலை நாள், போக வர இருமுறை என்றால் 52 காலணா, அதாவது 13 அணா. ஒரு ரூபாய்க்கும் குறைவு. மாதத்தின் கடைசி நாளில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாத வீட்டில், அந்த 13 அணாவை வேறு எதிலிருந்தாவது எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது உணவிலிருந்தே எடுக்கப்படும்.

மறுபடியும் தம்பியின் 37,000 ரூபாய்க்கு வருகிறேன். 2019-இல் அறிக்கை தந்த அரசு வல்லுநர் குழு, 2018 ஜூலை விலையில் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குத் தேசியக் குறைந்தபட்சக் கூலியாக மாதம் 9,750 ரூபாயைப் பரிந்துரைத்தது. அதனருகே வைத்தால் உதவித்தொகை பெரிய தொகை. நான் குடியிருக்கும் கட்டடத்தில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க, தெற்கிலிருந்து விடியற்காலை உள்ளூர் ரயிலில் வந்திறங்கும் அக்காவின் மாத வருமானம் என்னுடையதன் அருகில்கூட வராது. நம்மை ஏழைகளென்று அழைத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.

ஆயினும் தம்பியின் கேள்வி பொய்யில்லை. வீட்டுக்கு அனுப்பும் பணம் கணக்கெடுப்பின் நுகர்வுச் செலவில் சேராது. கடன் தவணையும் சேராது. 1957-இன் மூன்று அலகுகளில் பெற்றோர் இல்லை. படிவத்தின்படி அவர் கொல்கத்தாவில் தனியாளாக வாழும், போதிய வருமானமுள்ள இளைஞர். உண்மையில் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு வீட்டின் அடுப்பு அவரை நம்பி எரிகிறது. 'மாத வருமானம்' என்ற சொல்லிலும் ஒரு பிழை உண்டு. என் முதலாண்டில் உதவித்தொகை ஐந்து மாதம் வராமல், பிறகு மொத்தமாக வந்தது. ஆண்டுக் கணக்கில் எனக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. அந்த ஐந்து மாதமும் அறைத்தோழியிடம் கடன் வாங்கியே வாழ்ந்தேன். வீட்டு உரிமையாளர் மாதா மாதம் வாடகை கேட்டார்.

ஆகவே தம்பிக்கு நேற்று இவ்வாறு எழுதினேன். முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் கடன் தவணையையும் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதே உங்கள் வருமானம். அதை ரூபாயாக எண்ணாமல் வாடகை, அரிசி, மீன், பயணம் என்று பொருளாக எண்ணுங்கள். மருத்துவத்துக்கும் ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போகும் ரயிலுக்கும் நான்கிலொரு பங்கு ஒதுக்குங்கள்; உச்ச நீதிமன்றமே அதை ஏற்றிருக்கிறது. மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை தனி வீடு பார்க்காதீர்கள். வேறொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பாதியை அனுப்பினால் முதலாண்டு நெருக்கடியாக இருக்கும்; மூன்றிலொரு பங்கை அனுப்பினால் தாக்குப்பிடிக்கலாம். அப்பாவிடம் இந்தக் கணக்கை வெளிப்படையாகப் பேசுங்கள்.

இரவே பதில் வந்தது. "அப்பாவிடம் பேசினேன் அக்கா. மூன்றிலொரு பங்கு போதும் என்றார். அவருக்கு அது போதாது என்பது எனக்குத் தெரியும்."

அடுத்த மாதம் ஹவுரா நிலையத்தில் அவரை வரவேற்கப் போகிறேன். முதல் மாஸ்காபாரியை இருவரும் சேர்ந்தே வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.