இரண்டு கட்டடங்களும் எண்ணப்படாத குழந்தைகளும்

"இருதயத்தில் ஓட்டை, அவசர சத்திரசிகிச்சை, உதவுங்கள்" என்று மாதத்துக்கு ஒரு வேண்டுகோளாவது வட்ஸ்அப்பில் வருகிறது. நாமும் பகிர்கிறோம், இயன்றதை அனுப்புகிறோம். கூடவே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டொக்டர் யார்? கைராசிக்காரரா?" போன கிழமை எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு. நான் பிரிஸ்டல் கதையைச் சொன்னேன். ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பிரிஸ்டல், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள நகரம். 1984 இல் அந்த நாட்டு அரசு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சைக்கென்று ஒன்பது நிலையங்களைத் தெரிவுசெய்து தனியாக நிதி ஒதுக்கியது. நோக்கம் நல்லது. குழந்தையின் இருதயம் அதன் மூடிய கைப்பிடி அளவுதான். அதைத் திறந்து தைப்பவரின் கை திரும்பத் திரும்பப் பழக வேண்டும். கைக்குப் பழக்கம் வர வேண்டுமென்றால், நிறையக் குழந்தைகள் ஓரிடத்துக்கு வர வேண்டும். ஆனால் பிரிஸ்டல் அந்தப் பட்டியலுக்குள் வந்ததற்கு ஒரு முக்கிய காரணம் வரைபடம்: அந்தப் பக்கத்தில் வேறு நிலையம் இல்லை. வந்த குழந்தைகளின் தொகையோ குறைவு.

அடுத்தது கட்டடம். குழந்தைகளின் இருதய நோயைக் கண்டறியும் வைத்திய நிபுணர்கள் சிறுவர் வைத்தியசாலையில் இருந்தார்கள். இருதயத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையோ, சற்றுத் தள்ளியிருந்த பெரியவர்களின் வைத்தியசாலையில் நடந்தது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரியவர்களும் கைக்குழந்தைகளும் ஒன்றாகப் படுத்திருந்தார்கள். குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற தாதியர் போதவில்லை. நோயைக் கண்டுபிடித்த வைத்தியர் ஒரு கட்டடத்தில், வெட்டித் தைத்த குழந்தை இன்னொரு கட்டடத்தில். நள்ளிரவில் குழந்தையின் இரத்த அழுத்தம் இறங்கினால் முழுப் பொறுப்பு யாருக்கு? சத்திரசிகிச்சை நிபுணருக்கா, மயக்க மருந்து வைத்தியருக்கா, மற்றக் கட்டடத்தில் இருப்பவருக்கா? தெளிவான பதில் இருக்கவில்லை.

1988 இல் ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து வைத்திய நிபுணர் அங்கு வேலைக்கு வந்தார். சத்திரசிகிச்சைகள் தான் முன்பு கண்டதைவிட நீண்ட நேரம் எடுப்பதையும், குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் கவனித்தார். 1990 இல் வைத்தியசாலை நிர்வாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. பிறகு தானே எண்ணத் தொடங்கினார்: எத்தனை குழந்தைகள், என்ன நோய், எத்தனை பேர் உயிரோடு வீடு போனார்கள். ஓர் ஆசிரியனாக எனக்கு வியப்பு இதில்தான். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அட்டவணை போட்டு, மற்றப் பாடசாலையோடு ஒப்பிட்டு, வலயக் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்பாமல் நம்மால் மூச்சு விட முடியாது. அங்கே குழந்தைகளின் உயிர்க் கணக்கு யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. தரவுகள் ஆங்காங்கே இருந்தன. அவற்றைப் பார்த்து "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

1995 ஜனவரி 11 மாலை வைத்தியர்கள் கூடினார்கள். மறுநாள் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு, இடம்மாறிப் பிறந்த இரண்டு பெரு நாடிகளைத் திருப்பி இணைக்கும் சத்திரசிகிச்சை. போல்சின் எதிர்த்தார். சுகாதாரத் திணைக்களத்திலிருந்தும் எச்சரிக்கை வந்தது. இருந்தும் செய்வதென்றே முடிவானது. அப்படி ஒரு கூட்டம் நடந்ததே உம்மா வாப்பாவுக்குச் சொல்லப்படவில்லை. 12 ஆம் திகதி குழந்தை சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தது.

அதன் பிறகுதான் கதவு திறந்தது. பெற்றோர் விடவில்லை. மருத்துவப் பேரவை 53 குழந்தைகளின் சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்தது. அவர்களில் 29 பேர் இறந்திருந்தார்கள். 1998 இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் விஷார்ட்டின் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஜனார்தன் தஸ்மனா என்பவருக்கு மூன்று ஆண்டுகள் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தடை. நிர்வாகத் தலைவர் ஜோன் ரொய்லன்ஸின் பெயரும் நீக்கப்பட்டது. அவர் கத்தியைத் தொட்டவரே இல்லை. ஆனால் அவரும் ஒரு வைத்தியர். நிர்வாகக் கதிரையில் அமர்ந்ததால் அந்தக் கடமை போய்விடாது என்றது பேரவை. என் பார்வையில் மூன்றிலும் முக்கியமான தீர்ப்பு இதுதான்.

பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2001 ஜூலையில் வந்தது. 198 பரிந்துரைகள். 1991 முதல் 1995 வரை, வழமையான ஒரு நிலையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாக அது கணக்கிட்டது. அங்கு வேலை செய்தவர்களைக் கொடியவர்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. பெரும்பாலானோர் அக்கறையோடு உழைத்தவர்கள் என்றே சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை வாசிக்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

அதற்குள்ளேயே, 1995 இல், பிரிஸ்டலில் அந்தச் சத்திரசிகிச்சைகள் சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, புதிய நிபுணரும் வந்து, இறப்புகள் குறைந்தன. இன்று அந்த நாட்டில் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. போல்சின் 1996 இல் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

லண்டன் கிரேட் ஒர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை. குழாய்கள், வயர்கள், பம்புகள் எல்லாம் மாற்ற வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இரண்டு வைத்தியர்கள் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்த்தபோது, சில விநாடிகளில் டயர் மாற்றும் குழுவைக் கவனித்து, ஃபெராரி அணியிடமே போய்க் கேட்டார்கள். யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது என்று வரிசை வகுத்தார்கள். 2007 இல் வெளியான ஆய்வில், ஒரு ஒப்படைப்பில் நடக்கும் செயற்பிழைகள் சராசரியாக 5.42 இலிருந்து 3.15 ஆகக் குறைந்திருந்தன. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ வாங்கவில்லை.

என் ராத்தாவின் பேரனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது நானும் போயிருந்தேன். கடமை மாறும் நேரம், ஒரு தாதி கையில் தாளை வைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, அடுத்தவர் ஒவ்வொரு குழாயையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதைக்கூடப் பாடமாக்கி வைக்கத் தெரியாதா இவர்களுக்கு" என்று அன்று நான் மனதுக்குள் சலித்துக்கொண்டேன்.